பாரமான கமக்கருவிகளை இழுவைப் பெட்டியிற் கொண்டு செல்லல்

இரு சக்கர உழவு இயந்திரம், சூடடிக்கும் இயந்திரம் முதலியவற்றைப் பிக்கப் வண்டியின் பின்னே பூட்டிய இழுவைப் பெட்டியில் ஏற்றி, யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு வழியாகப் பரந்தன் வயல்களுக்குக் கொண்டு செல்லும் கமக்காரர் முதலிற் கவனிக்க வேண்டியது, பாரம் வைக்கும் இடமாகும்.

பாரம் பெட்டியின் அச்சுக்குப் பின்னே கூடினால், முன்னுள்ள இணைப்பு மேலெழ முயலும். வண்டியின் பின்சில்லுகள் வீதியைப் பற்றும் வலிமை குன்றும். பெட்டி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஆனையிறவின் திறந்த வெளியிற் சோளகக் காற்று வீசுங்காலத்தில் இவ்வாட்டம் மிகும். ஆகவே, பாரத்தின் பெரும்பங்கு அச்சுக்குச் சற்று முன்னே அமைதல் வேண்டும். பெட்டியும் பாரமும் சேர்ந்து 1,000 கிலோகிராமாயின், இணைப்பின்மீது 100 முதல் 150 கிலோகிராம் வரை அமர்வது நன்று. வண்டிக்கு விதிக்கப்பட்ட இழுவை எடையை மீறலாகாது.

இயந்திரத்தை முன்னும் பின்னும் சங்கிலியால் இறுகப் பிணிக்க வேண்டும். புறப்படுமுன் இணைப்பின் பூட்டு, காவற் சங்கிலி, சில்லுகளின் காற்று, பின்விளக்கு ஆகியவற்றைப் பார்த்தல் அவசியம்.

வழியிற் பெட்டி ஆடினால், சடுதியாகப் பிறேக்கை அழுத்துதலும் வேகத்தைக் கூட்டுதலும் ஆகா. சுக்கானை நேராகப் பிடித்து, அக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானே தணிய விடுதல் வேண்டும்.

பெட்டியில் ஆட்களை ஒருபோதும் ஏற்றலாகாது. சங்கிலி அறுந்தால், இயந்திரம் சாய்வது அவர்கள் மேலேயாகும்.