"உனக்கு வராது, ஓரமா உட்காரு!"

பள்ளிக்கூட பி.டி. பீரியடில் பந்தை ரெண்டு தடவை தவறவிட்ட பையனுக்குக் கிடைக்கிற தீர்ப்பு இது. 12 வயசில் காதில் விழுந்தா 40 வயசிலும் மறக்காது. அதுக்கப்புறம் அவன் மைதானத்துப் பக்கமே போக மாட்டான். உடற்கல்விப் படிப்பில் அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்கன்னு தேடிப் படிச்சப்போ எனக்குப் பிடிபட்டது இதுதான்: இந்தத் தீர்ப்பைப் பொய்யாக்குறதுதான் அந்தப் படிப்போட வேலை.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்னைக்கும் நந்தனத்தில் இயங்குது. பாரிஸில் நடந்த 1924 ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைச்சிட்டுப் போனவர்களில் இவரும் ஒருத்தர். ஆனால் அவர் கல்லூரி ஆரம்பிச்சது பதக்கம் வாங்குறவங்களுக்காக இல்லை, சொல்லித் தர்றவங்களை உருவாக்க. இந்த வித்தியாசம் முக்கியம். நல்லா தாண்டுறவனுக்குத் தான் எப்படித் தாண்டுறோம்னு சொல்லத் தெரியணும்னு அவசியமில்லை. ஆசிரியருக்குத் தெரிஞ்சே ஆகணும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீளம் தாண்டுதலை எடுத்துக்குங்க. பார்க்க ஒரே பாய்ச்சல். பாடத்தில் அது நாலு துண்டு: ஓடி வருதல், உதைத்து எழும்புதல், பறத்தல், தரையிறங்குதல். நம்மில் பலர் பறக்கும்போது காலை உதறினால் தூரம் கூடும்னு நினைக்கிறோம். கூடாது. கால் தரையை விட்ட நொடியிலேயே உடம்பின் எடைமையம் போகும் பாதை முடிவாகிடுது. காற்றில் காலை ஓட்டுவது உடம்பு முன்னால் கவிழாமல் இருக்கவும், காலை நீட்டி இறங்கவும்தான். தூரத்தைத் தீர்மானிப்பது ஓட்டத்தின் வேகமும் கடைசி ரெண்டு அடியும். கடைசிக்கு முந்தைய அடி சற்று நீளம், இடுப்பு கொஞ்சம் தாழும். கடைசி அடி சற்றுக் குட்டை, உடம்பு மேலே எழும்பும்.

இன்னொரு சிக்கல், 20 செ.மீ. அகலப் பலகையில் சரியா கால் வைக்கிறது. அதுக்கும் வழி இருக்கு. பலகையிலிருந்து எதிர்த்திசையில் ஓடவிட்டு, குறிப்பிட்ட அடி எங்கே விழுதுன்னு பார்த்து அடையாளம் வைப்பாங்க. மறுநாள் அங்கிருந்து ஓட்டம் தொடங்கும். எங்க மென்பொருள் வேலையில் பிழை தேடுற மாதிரிதான்: முழுசையும் திட்டாமல், எந்தத் துண்டில் கோளாறுன்னு பார்க்கணும்.

குழு விளையாட்டில் இந்த வழி பாதிவரைக்கும்தான் உதவும். மணல்குழி நகராது, எதிரணி நகரும். வாலிபாலில் மணிக்கட்டுக்கு மேலே, முன்கையில் பந்தை வாங்கணும். கையை வீசாமல் முட்டியை மடக்கி எழணும். சுவரில் அடிச்சுப் பழகினா ஒரு வாரத்தில் வந்துடும். ஆனால் ஆட்டத்தில் சர்வீஸ் எந்தப் பக்கம் வருது, லிஃப்ட் போடுறவர் எங்கே நிற்கிறார், பந்து எனக்கா பக்கத்தில் நிற்கிறவனுக்கா என்பதெல்லாம் நொடிக்குள் முடிவாகணும். சுவர் இதையெல்லாம் கேட்காது. அதனால்தான் சுவரில் சரியா வாங்கினவன் களத்தில் திணறுறான்.

1982இல் இங்கிலாந்தின் லஃப்பரோவில் டேவிட் பங்கர், ராட் தார்ப் என்ற இருவர் இதுக்கு ஒரு மாற்று சொன்னாங்க: உத்தியை முதலில் திணிக்காதீங்க, சின்னக் களம், குறைந்த ஆள்னு ஆட்டத்தைச் சுருக்கி விளையாடவிடுங்க, எங்கே தடுமாறுறாங்களோ அங்கே அந்த உத்தியைச் சொல்லித் தாங்க. 'எப்படி' என்பதற்கு முன்னால் 'ஏன்' வரட்டும் என்பதுதான் சாரம்.

ரெண்டும் சந்திக்கிற இடம் தொடர் ஓட்டம். 2023இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் நம்ம 4x400 ஆண்கள் அணி 2 நிமிடம் 59.05 நொடியில் ஓடி ஆசிய சாதனை படைச்சது. கடைசிச் சுற்றை ஓடினவர் தமிழ்நாட்டின் ராஜேஷ் ரமேஷ். நாலு பேர் வேகத்தோட, களைச்சு வர்றவன் கையிலிருந்து கோலை எப்போ, எங்கே நின்னு வாங்குறதுன்னு கணிக்கிறதும் அந்த நேரத்தில் சேர்த்திதான். 20 மீட்டர் எல்லைக்குள் அது முடியணும்.

எங்க இரும்பை, மரக்காணம் பக்கம் சாயங்காலம் ரெண்டு கம்பத்துக்கு நடுவில் வலை கட்டினால் ஆட்டம் சூடு பிடிச்சுடும். பக்கத்தில் பந்து பொறுக்கிப் போடவே ஒரு பையன் நிற்பான். அவனுக்கு வாங்க வரலையா, இல்லை பந்து எங்கே வரும்னு பார்க்கத் தெரியலையா? முதலாவதுக்குச் சுவர் போதும். ரெண்டாவதுக்கு அவனைக் களத்துக்குள் விட்டாதான் ஆகும். ரெண்டுக்குமே ஓரமா உட்கார வைக்கிறது மருந்தில்லை.