உருக்கும் முன் ஒருமுறை படியுங்கள்

திருநாவலூர் என்றதும் சுந்தரர் பிறந்த ஊர் என்பதுதான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அது பெரிய படைமுகாமாகவும் இருந்தது. முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் இராட்டிரகூடர் படையெடுப்பை எதிர்நோக்கி இந்தப் பகுதியில்தான் பாளையம் இறங்கியிருந்தான். ஊருக்கே இராசாதித்தபுரம் என்று பெயர் விழுந்தது. அவனுடன் வந்த மலைநாட்டு வீரர்கள் கோயிலில் விளக்கெரிக்கக் கொடுத்த கொடைகள் கல்வெட்டில் பதிவாகியிருக்கின்றன. 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் மாண்டான். அந்தப் படையில் எந்த நாட்டார் இருந்தார்கள் என்பதை ஆயிரம் ஆண்டு கழித்தும் நம்மால் சொல்ல முடிகிறது. கல்லைப் பெயர்த்து எறியாமல், படியெடுத்து வைத்தவர்களுக்கு அதற்கான நன்றி உரியது.

எட்டு நூற்றாண்டுகள் கழித்து இதே ஆர்க்காட்டு மண்ணில் வேறு படைகள் நடமாடின. கடலூரில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், பின்னால் ஹைதர் அலி. 1760இல் வந்தவாசிப் போர், 1781இல் பரங்கிப்பேட்டைப் போர். இப்போது வீரனின் தோளில் துப்பாக்கி இருந்தது. அந்தத் துப்பாக்கியும் கல்வெட்டைப் போல எழுத்தைச் சுமந்துகொண்டுதான் வந்தது.

திருநாவலூருக்கு மேற்கே, கள்ளக்குறிச்சியைத் தாண்டினால் கல்வராயன் மலை. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அங்கே அவ்வப்போது கெடு விதிப்பது வழக்கம். வழக்குப் பதிவேட்டில் அவற்றுக்கு ‘எஸ்.பி.எம்.எல்.’ என்று பெயர். ஒற்றைக் குழல், வாய்வழியே மருந்து கெட்டிக்கும் வகை. அவற்றில் பெரும்பாலானவை காட்டுப்பன்றிக்குப் பயந்து நேற்றோ முந்தாநாளோ செய்த சாதாரண வேலைப்பாடாகவே இருக்கும். ஆனால் கட்டை மாறி, குழல் மாறி, விசைத்தட்டு மட்டும் பழையதாக எஞ்சிய ஒன்று அந்தக் குவியலில் கிடந்தால் அதைக் கண்டுபிடிக்கப் போவது யார்?

கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமல்ல. குதிரை (சுத்தியல்) பொருத்தியிருக்கும் பக்கவாட்டுத் தகட்டை, அதாவது விசைத்தட்டைப் பாருங்கள். இதயம் போன்ற ஒரு கோட்டு வடிவம், அதற்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்துகள் இருந்தால் அது பெரும்பாலும் 1808க்கு முந்தையது. அதற்குப் பின் வந்தவற்றில் இந்த இதயம் மறைந்து, மகுடத்தைப் பிடித்தபடி பின்னங்காலில் நிற்கும் சிங்கம் வந்துவிடும். மகுடமும் ‘டவர்’ என்ற சொல்லும் இருந்தால் அது பிரிட்டிஷ் அரசுப் படைக்கானது. குழலின் அடிப்பாகத்தில் குத்தியிருக்கும் சின்னஞ்சிறு முத்திரைகள், அந்தக் குழலில் அதிக மருந்து போட்டுச் சுட்டுச் சோதித்ததற்குச் சான்று. போலிகளும் உண்டு. கைபர் கணவாய்ப் பட்டறைகளில் ஆங்கிலம் படிக்கத் தெரியாத கொல்லர்கள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டியதில் ‘என்’ எழுத்து பின்புறமாகத் திரும்பி நிற்கும். முத்திரையை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்கு அது நல்ல பாடம்.

முத்திரை அழிந்திருந்தால் அளவுகோலை எடுக்க வேண்டும். ஆங்கிலேயரின் ‘பிரவுன் பெஸ்’ குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். பிரெஞ்சுக்காரரின் ‘ஷார்ல்வில்’ 17.5 மில்லிமீட்டர். பிரெஞ்சுக் குண்டை ஆங்கிலத் துப்பாக்கியில் போட்டுச் சுடலாம், ஆங்கிலக் குண்டைப் பிரெஞ்சுத் துப்பாக்கியில் போட முடியாது. போர்க்களத்து மண்ணில் கிடைக்கும் ஈயக் குண்டின் விட்டத்தை வைத்தே எந்தப் பக்கம் எந்தப் படை நின்றது என்று தொல்லியலாளர்கள் ஊகிப்பது இப்படித்தான்.

இரும்பும் பேசும். 1856இல் பெஸ்ஸிமர் முறை வருவதற்கு முன் குழல்களை அடித்துருவாக்கிய தேனிரும்பில் செய்தார்கள். அதில் கசடு இழை இழையாக ஓடும். மாங்கனீசு இருக்காது என்றே சொல்லலாம். பின்னால் வந்த எஃகில் மாங்கனீசு சேர்ப்பது வழக்கமாயிற்று. கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி இந்த வேறுபாட்டை, பொருளைச் சுரண்டாமலேயே, ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு குறிப்பிட்ட வகை. 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு என்றால் பள்ளிப் பாடத்தில் படித்த அதே கொழுப்புத் தடவிய தோட்டாவின் துப்பாக்கி. அதன் குழலுக்குள் மூன்று புரிகள் சுற்றிச் சுற்றி ஓடும். குண்டின் அடிப்பக்கம் குழிவாக இருக்கும். மருந்து வெடித்ததும் வாயு அந்தக் குழியை விரித்துப் புரியில் கவ்வ வைக்கும். குண்டு சுழன்றுகொண்டே போகும். சுழல்வது நேராகப் போகும். நூறு கஜம் தாண்டினால் குறி தவறிய, புரி இல்லாத பழைய மஸ்கட் எங்கே, பல நூறு கஜம் எட்டிய இது எங்கே! 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கில அரசு என்ன செய்தது தெரியுமா? இந்தியச் சிப்பாய்களுக்கென்று அதே உருவத்தில், புரி இல்லாத வழுவழுப்பான குழலோடு வேறொரு மாதிரியைக் கொண்டுவந்தது. 14.7 மில்லிமீட்டர் துளை ஏறத்தாழ 16.5 ஆகியது. தூரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் பின்குறிக்குப் பதில் அசையாத ஒரு சிறு கட்டை வந்தது. வெளியே பார்த்தால் அந்தப் பின்குறியைத் தவிர வெள்ளைக்காரச் சிப்பாயின் துப்பாக்கிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால்தான் அவநம்பிக்கை தெரியும்.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே கதை. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் லீ-என்ஃபீல்டு ‘த்ரீ நாட் த்ரீ’ துப்பாக்கிகளின் புரியை நீக்கி, தோட்டாப் பெட்டியை (மேகசீன்) மரக்கட்டையால் அடைத்து, ஒருமுறைக்கு ஒரு தோட்டா என்று மாற்றிக் காவலர்களுக்கும் சிறைக் காவலர்களுக்கும் கொடுத்தார்கள். அதுதான் ‘410 மஸ்கட்’. இப்படிப்பட்ட ஒன்றை ‘தேய்ந்துபோன பழைய துப்பாக்கி’ என்று ஒருவர் எழுதிவைத்தால், ஓர் ஆட்சி தன் சொந்தச் சிப்பாயைப் பார்த்துப் பயந்த வரலாறு அந்த ஒரு வரியில் தொலைந்துபோகும்.

அதனால்தான் பழுதுபார்ப்பது என்ற சொல்லை இங்கே யோசித்துப் பயன்படுத்த வேண்டும். கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கலவை. எரிந்தபின் அதில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் பொட்டாசிய உப்புகளாக மிஞ்சும், அதில் ஒரு பகுதி குழலிலேயே தங்கிவிடும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். மழைக்கால மலைக்காற்றில் துரு உள்ளிருந்தே தின்னத் தொடங்கும். பார்த்தவுடன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத்தான் கை வரும். தேய்த்தால் முத்திரையும் சேர்ந்து போகும். தேங்காய் எண்ணெய் பூசுவதும் நல்லதல்ல. நாள்பட்டுக் காறி, அதிலிருந்து பிரியும் அமிலம் பித்தளைப் பாகங்களில் பச்சைப் படலத்தை வரவழைக்கும். அருங்காட்சியகப் பாதுகாப்பாளர் ஆரஞ்சு நிறத்தில் உதிரும் துருவை மட்டும் மென்மையாக நீக்குவார். கரும்பழுப்பாக உறைந்துவிட்டதைத் தொடமாட்டார். தேவைப்பட்டால் டானிக் அமிலம் தடவுவார். துரு நீலங்கலந்த கறுப்பாக மாறி நிலைபெறும். நம் ஊர்க் கடுக்காயில் நிறைந்திருப்பதும் அதே டானின்தான். கடைசியாக மெழுகுப் பூச்சு. மறுபடி சுட வைப்பது அவர் வேலையே இல்லை.

இதையெல்லாம் தொடங்குமுன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியில் மருந்து இருக்கிறதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. நிபுணர் ஒரு மரக்குச்சியை மெல்லக் குழலுக்குள் விட்டு, எவ்வளவு ஆழம் போனது என்று குறித்துக்கொண்டு, அதே குச்சியைக் குழலின் வெளிப்புறம் வைத்து ஒப்பிடுவார். அடிப்பாகம் வரை எட்டாமல் சில அங்குலம் முன்பே நின்றால் உள்ளே ஏதோ கெட்டிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஈரம் புகாத கருமருந்து நூறு ஆண்டானாலும் வீரியம் இழப்பதில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2008இல் உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கிக் குண்டைச் சுத்தம்செய்த சேகரிப்பாளர் ஒருவர் அது வெடித்து இறந்தார். பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி கிடைத்தால் தட்டிப் பார்க்கவும் வேண்டாம், குதிரையை இழுக்கவும் வேண்டாம்.

சட்டமும் இங்கே அறிவியலோடு ஒத்துப்போகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பழுது நீக்கினாலும் நீக்காவிட்டாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்கு விலக்கு அளிக்கிறது. சரிசெய்தால் சுடும் என்ற நிலையில் இருந்தால் உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அதே வரம்புதான். உரிமமின்றி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டுச் சிறை. துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் தனி உரிமம் தேவை. குடகு மக்களுக்கு மட்டும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே விலக்கு உண்டு. கைல்போது திருநாளில் அவர்கள் துப்பாக்கியை வைத்துப் பூசை செய்வார்கள். கல்வராயன் மலைவாசிக்கு அந்தச் சலுகை என்றுமே கிடைத்ததில்லை. அதனால் அவர் வீட்டுப் பழம்பொருள் வெளிச்சத்துக்கு வருவதும், பறிபோவதும் ஒரே நாளில் நடக்கிறது.

ஒப்படைக்கச் சொல்வது சரிதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தவறிச் சுட்டு இறந்தவர்களை அந்த மலை பார்த்திருக்கிறது. ஆனால் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையைக் கலைத்தபோது ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது, மிச்சம் பழைய இரும்பாய்ப் போனது. இன்று உலகம் வியந்து பார்ப்பது அந்த ஒரு பகுதியைத்தான். கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் கைப்பற்றிய துப்பாக்கிகளை அழிக்கும் முன், அருங்காட்சியகத் துறையிலிருந்து ஒருவரை அழைத்து ஒருநாள் பார்க்கச் சொல்லட்டும். தகட்டைப் படம் எடுக்கட்டும், குழலை அளக்கட்டும், எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதட்டும். பழையது என்று தெரிந்தவற்றைச் செயலிழக்கச் செய்து எழும்பூருக்கு அனுப்பட்டும். மற்றதை உருக்கிவிடலாம்.