இரும்பு கீறாத கல்லில் முகம் வந்தது எப்படி?

பாரசீகத்து சாசானியர் காலத்து (கி.பி. 224–651) வெள்ளி மோதிரத்தைப் படத்துல பார்த்திருக்கீங்களா? நடுவுல சிவப்பா சூதுபவளம், அதுல குழிவா ஒரு உருவம். ஈரக் களிமண்ணுல அழுத்தினா இடவலம் மாறிப் புடைச்சு வரும். அந்தக் காலத்துக் கையெழுத்து!

சூதுபவளம் குவார்ட்ஸ் வகை. மோஸ் அளவில் கடினத்தன்மை 7. சாதாரண இரும்பு உளி கீறாது. அதனால குருந்தம் (கடினத்தன்மை 9) மாதிரியான பொடியை எண்ணெயில் குழைச்சு, சுழலும் உலோக முனையில் தடவித் தேய்ச்சே குடைஞ்சாங்க. நம்ம மெட்டீரியல்ஸ் புக்ல வர்ற 'கொரண்டம்'ங்கிற பேர் இந்தக் குருந்தத்துலேர்ந்து போனதுதான்.

கருக்களாச்சேரிக்கு வடக்கே, இதே கடலோரத்துல அரிக்கமேடு. 1937ல ழுவோ-துப்ரேய் அங்கே ஊர்ப் பசங்ககிட்ட வாங்கின கல்லில் ஒரு ஆண் தலை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ்னு சொன்னார். எனக்கு அதைவிடப் பிடிச்சது, கியூபிட்டும் பறவையும் குடைஞ்ச, ஓரம் இன்னும் வெட்டாத படிகக் கல். கப்பல்ல வந்த சரக்குன்னா ஓரம் ஏன் பாக்கி இருக்கணும்? குடைஞ்சவர் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கலாம்.