நாற்பது வருஷ மௌனம்

வாசகியரே, உங்களிடம் ஒரு கேள்வி. உங்களுக்கு மிகவும் பிடித்த பாடகி ஒருத்தி பாடுவதை நிறுத்தி நாற்பது வருஷம் ஆகிறது. அவளுடைய பழைய பாட்டுக்கள் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அடுப்பில் ரஸம் கொதிக்கும்போதும், குழந்தைக்குத் தலை பின்னும்போதும் அவைதான் வாயில் வருகின்றன. திடீரென்று ஒரு நாள், "அந்த அம்மாள் மறுபடியும் பாடியிருக்கிறாளாம், வயது 71" என்று செய்தி வருகிறது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமா, பயமாக இருக்குமா?

இரண்டும்தான் இருக்கும். பழைய பட்டுப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரிக்கும்போது, மடிப்பில் இற்றுப் போயிருக்குமோ என்று கை தயங்குகிறதல்லவா? 2021-ஆம் வருஷம் நவம்பர் 5-ஆம் தேதி உலகமெங்கும் 'ஆபா' ரஸிகர்களுக்கு அந்தத் தயக்கம்தான். நானும் பல வருஷத்து ரஸிகை. ஒலிநாடா தேய்ந்து அறுந்து, அதைக் கத்தரித்து ஒட்டிக் கேட்ட கூட்டத்தைச் சேர்ந்தவள். ஆகையால் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் பட்சபாதம் தென்பட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பெயர் விஷயம். ஸ்வீடன் தேசத்தைச் சேர்ந்த அக்னேதா, பியோர்ன், பென்னி, ஆனி-பிரீட் என்ற நான்கு பேரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. அவர்கள் உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதினால் நம்முடைய 'அப்பா' ஆகிவிடும்! குழப்பம் வேண்டாமென்று 'ஆபா' என்றே எழுதுகிறேன். ஸ்வீடனில் இதே பெயரில் மீனை டப்பாவில் அடைத்து விற்கும் கம்பெனி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அவர்களிடம் போய் அனுமதி கேட்டுக்கொண்டுதான் நால்வரும் இந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். மீன்காரர்களும் பெரிய மனது பண்ணிச் சம்மதித்தார்கள்.

ஐரோப்பிய தேசங்கள் பாட்டிலே மோதிக்கொள்ளும் 'யூரோவிஷன்' என்ற போட்டி ஒன்று உண்டு. 1974 ஏப்ரல் 6-ஆம் தேதி இங்கிலாந்தில் பிரைட்டன் நகரில் நடந்த அந்தப் போட்டியில் 'வாட்டர்லூ' என்ற பாட்டைப் பாடி ஆபா முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போயிற்று. அன்று அவர்கள் உடுத்தியிருந்த பளபளப்பான உடைகளைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. தெருவில் உடுத்திக்கொண்டு போக முடியாத மேடை உடையானால் அந்தச் செலவுக்கு ஸ்வீடனில் வரிச் சலுகை உண்டு என்பதும் அந்த உடைகளுக்கு ஒரு காரணம் என்று பின்னால் தெரிய வந்தது. கெட்டிக்காரக் குடும்பங்கள்!

'குடும்பங்கள்' என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். அக்னேதாவும் பியோர்னும் 1971-இல் மணந்துகொண்ட தம்பதிகள், இரண்டு குழந்தைகள். பென்னியும், 'பிரீடா' என்று எல்லாரும் அழைக்கும் ஆனி-பிரீடும் பல வருஷம் சேர்ந்து வாழ்ந்து 1978-இல் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆண்கள் இருவரும் பாட்டுக் கட்டுவார்கள். பெண்கள் இருவரும் பாடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு, 'இப்படியும் ஒரு கொடுப்பினையா!' என்று தோன்றும்.

ஆனால் வீட்டுக்கு வீடு வாசற்படிதானே? 1979 ஜனவரியில் அக்னேதாவும் பியோர்னும் பிரிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. 1981-இல் மற்ற ஜோடியும் பிரிந்தது. வேறு யாராக இருந்தாலும் கோஷ்டி அன்றே கலைந்திருக்கும். இவர்களோ சேர்ந்து பாடிக்கொண்டே இருந்தார்கள். 1980-இல் வந்த 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' என்ற பாட்டை ஆபாவின் மிகச் சிறந்த பாட்டு என்று சொல்கிறவர்கள் பலர். கணவனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி பேசும் பாட்டு அது. வார்த்தைகளை எழுதியவர் பியோர்ன். பாடியவள் அவரை விட்டுப் பிரிந்த அக்னேதா! அது தங்கள் இருவர் கதை அல்ல என்று பியோர்ன் சொன்னதுண்டு. இருக்கலாம். ஆனாலும் பிரிந்து போன புருஷன் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததை வாங்கிக் குரல் நடுங்காமல் பாடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! பெண்களாகிய நமக்கு அது புரியாமல் போகாது.

1981 நவம்பர் 30-இல் 'தி விஸிட்டர்ஸ்' என்ற ஆல்பம் வெளிவந்தது. 1982-ஆம் வருஷக் கடைசியோடு நால்வரும் அவரவர் வழியே போனார்கள். கலைத்துவிட்டோம் என்று ஓர் அறிவிப்புக்கூட இல்லை. பேச்சு நின்றது, அவ்வளவுதான்.

அவர்கள் சும்மா இருந்தாலும் அவர்களுடைய பாட்டுக்கள் சும்மா இருக்கவில்லை. 1992-இல் பழைய பாட்டுக்களைத் திரட்டி 'ஆபா கோல்ட்' வந்தது. 1999-இல் அந்தப் பாட்டுக்களை வைத்தே 'மாமா மியா' என்ற நாடகத்தை லண்டனில் போட்டார்கள். 2008-இல் அது மெரில் ஸ்டிரீப் நடித்த சினிமாவாகவும் வந்தது. மறுபடியும் சேர்ந்து பாடினால் நூறு கோடி டாலர் தருகிறோம் என்று 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஆசை காட்டினார்கள். நால்வரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நூறு கோடியை வேண்டாமென்று சொன்னவர்கள் பிறகு ஏன் வந்தார்கள்? ஆபாவின் உருவங்களை மின்னணு வித்தையால் மேடையில் ஆட வைக்கும் திட்டம் ஒன்று உருவாயிற்று. அதற்கு ஒன்றிரண்டு புதுப் பாட்டு இருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்தார்கள். 2018 ஏப்ரலில், இரண்டு பாட்டு ஒலிப்பதிவாகிவிட்டது என்று அறிவித்தார்கள். இரண்டு பத்தாக வளர்ந்து 'வாயேஜ்' என்ற ஆல்பம் ஆயிற்று. வாயேஜ் என்றால் கடற்பயணம், நீண்ட யாத்திரை. முந்திய ஆல்பத்துக்கும் இதற்கும் நடுவே நாற்பது வருஷம்; இருபத்தைந்தே நாள் குறைச்சல்.

இனி, ஆல்பத்துக்குள் போவோம்.

முதற் பாட்டு 'ஐ ஸ்டில் ஹாவ் ஃபெயித் இன் யூ'. பாடுகிறவள் பிரீடா. வெளிவந்த மாதத்தில் அவளுக்கு 76 நிறைந்தது. பழைய நாளில் மேலே மேலே பறந்த அந்தக் குரல் இப்போது கீழே இறங்கி, சற்றே கனத்து ஒலிக்கிறது. நம் ஊரில் 'சுருதி இறங்கிவிட்டது' என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பிரீடா நார்வேயில் பிறந்தவள். தாய் நார்வேக்காரி, தகப்பன் யுத்த காலத்தில் அங்கே வந்த ஜெர்மன் சிப்பாய். இரண்டு வயது நிறைவதற்குள் தாய் இறந்தாள். ஸ்வீடனுக்குக் கொண்டுவந்து வளர்த்தவள் பாட்டி. தகப்பனாரை முதன் முதலாகக் கண்ணால் பார்த்தது 1977-இல். அப்போது அவள் உலகப் பிரசித்தம். 1998-இல் மகளை மோட்டார் விபத்தில் இழந்தாள். அடுத்த வருஷமே கணவரையும் இழந்தாள். இத்தனையும் தாண்டி வந்த ஒருத்தி, பழைய தோழர்களைப் பார்த்து உங்கள் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை உண்டு என்று பாடும்போது, குரல் 30 வயதுக் குரலாக இருந்தால்தான் விகாரமாக இருக்கும்!

'டோன்ட் ஷட் மீ டௌன்' அக்னேதாவின் பாட்டு. பிரிந்து போன பெண் ஒருத்தி மாலை வேளையில் பழைய வீட்டுக்கு எதிரே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுகிறாள். தாளம் என்னவோ துள்ளுகிறது. சோகத்தைத் துள்ளும் தாளத்தில் வைத்துக் கொடுப்பது ஆபாவின் பழைய கைப்பாகம். வெல்லப்பாகில் கொஞ்சம் சுக்குப் போடுவது போல. அந்தப் பாகம் கெடவில்லை. பத்துப் பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நடுவே 'ஜஸ்ட் எ நோஷன்' என்று ஒரு பாட்டு வருகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1978-இல் பாடிப் பதிவு செய்து பெட்டிக்குள் போட்டுவிட்ட பாட்டு இது. பெண்களின் பழைய குரலை அப்படியே வைத்துக்கொண்டு வாத்தியங்களை மட்டும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். எழுபது வயதுக் குரல்களைக் கேட்டுக்கொண்டே வருகிறோம். திடீரென்று கதவைத் திறந்துகொண்டு இளம் பெண்கள் இருவர் சிரித்துக்கொண்டு உள்ளே ஓடி வருகிறார்கள். மூன்றரை நிமிஷத்தில் போய்விடுகிறார்கள். பாட்டிமார் மறுபடியும் பாட ஆரம்பிக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன்: இளம் குரல்களில் இனிமை அதிகம், முதிய குரல்களில் விஷயம் அதிகம்.

'கீப் ஆன் ஐ ஆன் டான்' என்ற பாட்டில் விவாகரத்தான தாய் தன் பிள்ளையைத் தகப்பனிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொல்வதற்குள் அவள் படும் பாட்டைக் கேட்கிறோம். பாட்டு முடியும்போது பியானோவில் அவர்களுடைய பழைய 'எஸ்.ஓ.எஸ்.' பாட்டின் சில ஸ்வரங்கள் வந்து மறைகின்றன. வார்த்தையில்லாமலே, 'பழசெல்லாம் ஞாபகம் இருக்கிறது' என்று சொல்கிற சாமர்த்தியம் அது. இதை எழுதியவர்களும் பாடியவர்களும் அந்தத் துன்பத்தை அனுபவித்தவர்கள் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

புகழ்ந்துகொண்டே போனால் நீங்கள் நம்பமாட்டீர்கள். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 'லிட்டில் திங்ஸ்' கிறிஸ்துமஸ் காலைப் பாட்டு. குழந்தைகளின் கோரஸ் எல்லாம் உண்டு. ஆனால் பாயஸத்தில் சர்க்கரை ஒரு கரண்டி அதிகம். 'ஐ கேன் பி தட் வுமன்' என்ற பாட்டில் மனைவி தன் குற்றங்களையெல்லாம் ஒப்புக்கொண்டு, இனிமேல் திருந்திக்கொள்கிறேன் என்று கெஞ்சுகிறாள். அக்னேதா உருகித்தான் பாடுகிறாள். இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு கை ஓசை உண்டா? வீட்டில் சண்டை வந்தால் திருந்த வேண்டியவள் அவள் ஒருத்திதானா? வார்த்தைகளை எழுதிய பியோர்னிடம் இதைக் கேட்க வேண்டும். ஆபாவுக்கே உரிய ஆட்டம் பாட்டம் இந்த ஆல்பத்தில் குறைவு என்பதும் மெய். 'டான்ஸிங் குவீன்' மாதிரி இன்னொன்றை எதிர்பார்த்து வாங்கியவர்களுக்கு ஏமாற்றமே.

ஆனால் நாகரிகத்தைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை பாருங்கள், அதை மெச்ச வேண்டும். இன்றைய பையன்களின் தாளத்தைக் கடன் வாங்கி, இளமை வேஷம் போட்டுக்கொண்டு வந்து நின்றிருந்தால் நான் அன்றே வானொலியை மூடியிருப்பேன். கூந்தல் நரைத்த பிறகு நரைத்த கூந்தலோடே வாசலுக்கு வருவதில் ஒரு கம்பீரம் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஒரு விசித்திரம். எந்த மேடைக்காகப் புதுப் பாட்டு தேடினார்களோ, அந்த மேடை லண்டனில் 2022 மே 27-ஆம் தேதி திறந்தது. 3,000 பேர் கூடும் அரங்கம். வாத்தியக்காரர்கள் பத்துப் பேர் நிஜ மனிதர்கள். பாடி ஆடுகிற ஆபா நால்வர் மட்டும் ஒளியால் ஆனவர்கள்! நிஜ நால்வரும் ஐந்து வாரம் காமிராக்களுக்கு முன்னால் ஆடிப் பாடிக் காட்ட, அந்த அசைவுகளைக்கொண்டு 1979-ஆம் வருஷத்து முகங்களோடு உருவங்களை உண்டாக்கினார்கள். முதல் நாள் மாலை அழைக்கப்பட்டவர்களுக்காக நடந்த காட்சிக்கு நால்வரும் நேரில் வந்திருந்தார்கள். எழுபது தாண்டிய பெண்கள் நாற்காலியில் அமர்ந்து, முப்பது வயதுத் தங்களையே மேடையில் பார்த்தார்கள் என்றால், மாயக் கண்ணாடிக் கதைகூடத் தோற்றுப் போகும்.

அந்த வித்தையை நான் பழிக்கவில்லை. ஆனால் எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஆல்பத்தைத்தான் எடுப்பேன். மேடையில் இருப்பது நாம் அவர்களை எப்படி நினைவு வைத்திருக்கிறோம் என்பது. ஆல்பத்தில் இருப்பது அவர்கள் எப்படி ஆகியிருக்கிறார்கள் என்பது. மூப்பை மறைப்பதற்கு உலகத்தில் ஆயிரம் மருந்து, ஆயிரம் சாயம். மூப்பைத் திறந்து காட்டுகிற தைரியம் அபூர்வம். அதிலும் பெண்களிடம் அதை அனுமதிக்கிறவர்கள் அபூர்வத்திலும் அபூர்வம்.

உலகம் என்ன சொல்லிற்று என்று கேட்கிறீர்களா? பிரிட்டனில் மட்டும் முதல் வாரத்தில் 2 லட்சத்துக்கு மேல் விற்று, பட்டியலில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவின் கிராமி பரிசுக்கு ஆபாவின் பெயர் முன்மொழியப்பட்டதே இந்த ஆல்பத்துப் பாட்டால்தான். அவர்கள் புகழின் உச்சியில் இருந்த நாளில் ஒரு தடவைகூட அந்தப் பட்டியலில் பெயர் வரவில்லை! பரிசு கிடைக்கவில்லை, அதனால் என்ன? 2024 மே மாதம் ஸ்வீடன் மன்னர் நால்வரையும் அழைத்து 'வாஸா' விருது அளித்தார்.

வாசகியரே, விவாகரத்துக்குப் பிறகு எதிரெதிராகப் பார்த்துக்கொள்ளவே கூசுகிற மனிதர்கள் நிறைந்த உலகம் இது. ஒரு காலத்துக் கணவன்மார் இருவரும் மனைவிமார் இருவரும் எழுபது வயதில் ஸ்டாக்ஹோம் நகரத்துச் சிறு தீவு ஒன்றில் உள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடினார்கள். கோபதாபமெல்லாம் கரைந்து, வேலை மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த வேலைதான் இந்தப் பத்துப் பாட்டு.

வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு, ஒரு நாள் இராத்திரி விளக்கைத் தணித்துவிட்டு 'வாயேஜ்' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். பழைய பாட்டுக்களோடு ஒப்பிடாதீர்கள். பக்கத்தில் வயதான அத்தையோ பாட்டியோ இருந்தால் அவர்களையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பாஷை புரியாவிட்டாலும் பாதகமில்லை. அந்தக் குரல் அவர்களுக்குப் புரியும்.