அருவியடியில் ஏன் மிதக்க முடிவதில்லை?

ஆடி மாதத்தில் ஒரத்தநாட்டிலிருந்து வேன் பிடித்துக் குற்றாலம் போய்வருபவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. அருவி விழும் இடத்தில் மட்டும் பாறை ஏன் அவ்வளவு ஆழமாகக் குடைந்திருக்கிறது? நீச்சலில் தேறியவரும் அங்கே ஏன் மூழ்கிப்போகிறார்? மூலிகைத் தண்ணீர், எதிர்மின் அயனிகள் என்றெல்லாம் பரப்பப்படும் பேச்சைவிட இவைதான் கவனத்துக்குரியவை. அருவித் தெறிப்பைச் சுற்றியுள்ள காற்றில் மின்னூட்டம் சேர்வதை 1892-இல் பிலிப் லெனார்டு விளக்கினார், அது உண்மை. அந்தக் காற்று நோய் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பள்ளத்தின் கதைக்கோ சான்று பாறையிலேயே இருக்கிறது.

பேரருவியின் உயரம் சுமார் 60 மீட்டர். சிற்றாறு அத்தனை உயரத்திலிருந்தும் தடையின்றி விழுந்தால், கணக்குப்படி அடிவாரத்தில் அதன் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும். காற்று அதைச் சிதறடித்து மழைத்துளியின் வேகத்துக்குக் குறைத்துவிடாதா என்று கேட்கலாம். மெல்லிய அருவியாக இருந்தால் குறைக்கும். திரண்டு வரும் நீர்த்தாரையின் உட்பகுதியைக் காற்று அவ்வளவாகத் தொடுவதில்லை. வேகத்தைப் பெருமளவு உடைப்பது நடுவழியில் இருக்கும் பொங்குமாங்கடல். அந்தப் பள்ளத்தின் ஆழம் சுமார் 19 மீட்டர் என்று சுற்றுலாக் குறிப்புகள் சொல்கின்றன. கீழே நின்று தலையைக் காட்ட முடிவது அதனால்தான்.

அந்தப் பள்ளத்தைக் குடைந்தது வெறும் தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கடும்பாறையைத் தெளிந்த நீரால் எளிதில் தேய்க்க முடியாது. பள்ளத்தை ஓர் ஆட்டுக்கல்லாக நினைத்துக்கொள்ளலாம். வெள்ளம் உருட்டிவந்த கற்கள் குழவி, மணலும் சரளையும் அரிசி, சுழலும் நீர் ஆட்டும் கை. குழவி சுற்றச் சுற்றக் குழி ஆழமாகிறது, குழவியும் தேய்ந்து உருண்டையாகிறது. மாவு அதிகமாகிவிட்டால் குழவி கல்லைத் தொடாது. அதுபோல மணல் நிறைந்த பள்ளத்தில் பாறைக்குக் காயம் படுவதில்லை. அடுத்த பெருவெள்ளம் மணலை வழித்தெடுத்த பிறகே அரைப்பு மறுபடி தொடங்கும். குழி மிக ஆழமாகிவிட்டாலும் தாரையின் வலு அடிப்பாறையை எட்டாது. ஆக, தோண்டும் வேலைக்கு எல்லை வகுப்பதும் பள்ளமே. 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, பாறைக்குப் பதிலாக மென்மையான செயற்கைப் பொருளைச் சரிவாக வைத்து, சரளை கலந்த நீரை ஓடவிட்டது. வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் இல்லாமல் குழிகள் விழுந்தன. அவற்றிலிருந்து அருவியும் உருவானது.

விழும் நீரின் ஆற்றல் கடைசியில் வெப்பமாகிறது. 1847-இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் தேனிலவின்போது ஆல்ப்ஸ் அருவியொன்றின் வெப்பநிலையை அளக்க முயன்றதாகக் கெல்வின் எழுதிவைத்தார். விழும் ஆற்றலெல்லாம் வெப்பமானாலும் 60 மீட்டருக்கு நீர் 0.14 டிகிரிதான் சூடாகும்.

அந்த ஆற்றல் வெப்பமாகும் முன் என்னவாக இருக்கிறது என்பதில்தான் உயிர் சிக்கியிருக்கிறது. தாரை குளத்துக்குள் பாயும்போது காற்றையும் இழுத்துச் செல்கிறது. வெள்ளை நுரை முழுவதும் குமிழிகள். நூறில் 15 பங்கு காற்று கலந்தால், அந்தக் கலவையின் அடர்த்தியும் அதே அளவு குறைந்துவிடும். மனித உடலோ, மூச்சை நிரப்பிக்கொண்டாலும், சாதாரண நீரைவிடச் சற்றே லேசானது. ஆகவே அமைதியான குளத்தில் மிதக்கும் உடல் நுரையில் அமிழும். உதைக்கும் காலுக்கும் போதிய பிடிப்புக் கிடைக்காது. மேற்பரப்பு நீர் அருவியை நோக்கித் திரும்பி ஓடுவதால், மேலே வந்தவரையும் தாரையடிக்கே கொண்டுபோய் மறுபடி அழுத்தும். எச்சரிக்கைப் பலகைகள் ஆழத்தை மட்டும் சொன்னால் போதாது. நுரையையும் திரும்பும் நீரையும் அவை சொல்ல வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் ஒரு மாணவரின் உயிரைப் பறித்தது திடீர் வெள்ளம்தானே? ஆம், மலையில் பெய்யும் மழையைக் கண்காணித்து முன்கூட்டியே எச்சரிப்பது முதல் கடமை. ஆனால் வெள்ளம் வராத நாளிலும் பள்ளம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கல்லணைக் கால்வாயில் குதித்து விளையாடும் ஊர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்றால், அவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். மேட்டூர்த் திட்டத்தோடு 1934-இல் வந்த அந்தக் கால்வாயில், மதகுக்கும் நீரொழுங்கிக்கும் கீழே நீர் இறங்கும் இடங்களில், பொறியாளர்கள் தளம் அமைத்து வேகத்தை அங்கேயே செலவிட வைக்கிறார்கள். நுரையும் திரும்பும் நீரும் அங்கேயும் உண்டு. அமைதியான நீரில் கற்ற நீச்சல் அங்கே உதவாது.

கரையில் நிற்பவர் ஒரு காய்ந்த மட்டையை வீசிப் பார்க்கலாம். அது அருவியையோ மதகையோ நோக்கி நகர்ந்தால் அந்த இடத்தில் இறங்கக் கூடாது. சிக்கியவரைக் காப்பாற்றவும் குதிக்கக் கூடாது. கரையிலிருந்தே கயிறோ நீண்ட கழியோ நீட்ட வேண்டும்.