ஓராண்டுச் செடியும் அதன் பெயரும்

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் மழை மாரிக்குரியது; கோடை வறட்சிக்குரியது. மாரிமழையால் ஈரம் பெற்ற புற்றரைகளிலும் மணற்பாங்கான தாழ்நிலங்களிலும் ஆண்டுதோறும் வெண்மலர்ச் சிறுசெடியொன்று தோன்றி மறையும். தாவரவியலார் இதனைப் பெல்லிசு அன்னுவா என வழங்குவர். ‘அன்னுவா’ என்னும் இலத்தீன் அடைமொழி ‘ஓராண்டுக்குரியது’ எனப் பொருள்படும்.

மழையோடு முளைத்து, மாரியிலும் இளவேனிலிலும் பூத்து, கோடை முற்றுமுன் விதை சிந்தி மடிவது இச்செடி. நீரற்ற மாதங்களை அது விதையாகவே கழிக்கும். ஒரு சாணுக்கு மேல் உயர்தல் அரிது. காண்போர் ஒரு பூவெனக் கருதுவது, சூரியகாந்தியிற் போலச் சிறுபூக்கள் பல திரண்ட தலையே. நடுவில் மஞ்சள், விளிம்பில் வெள்ளை. இதன் உறவினமாகிய பெல்லிசு பெரென்னிசு பல்லாண்டு வாழ்வது. அதன் இலைகள் நிலத்தையொட்டி வட்டமாய் அமையப் பூக்காம்பு இலையின்றி எழும். அன்னுவாவிலோ தண்டின் கீழ்ப்பாகத்தும் இலைகள் உள.

இவ்விரு பெயர்களையும் இட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு. அவர் காலத்திற்கு முன்னர், செடியின் இயல்புகளைத் தொகுத்துரைக்கும் நீண்ட இலத்தீன் தொடரே பெயராக நின்றது. 17 ஆம் நூற்றாண்டில் போல் ஏர்மன் இலங்கையிற் சேர்த்த தாவரங்களை ஆராய்ந்து, 1747 இல் இலின்னேயசு வெளியிட்ட நூலிலும் அத்தகைய தொடர்களே காணப்படும். புதிய இனம் ஒன்று அறியப்படுந்தோறும் தொடர் நீள வேண்டியதாயிற்று. 1753 இல் வெளிவந்த ‘தாவர இனங்கள்’ என்னும் நூலில், அவர் தொடரை உள்ளே வைத்து, ஓரத்தில் ஒற்றைச் சொல்லொன்றையும் பொறித்தார். தொடரே உண்மைப் பெயரென்பதும், ஓரச்சொல் எளிமைக்கானதென்பதும் அவர் கருத்து. பின்வந்தோர் தொடரைக் கைவிட்டுச் சாதிப்பெயரோடு ஓரச்சொல்லையே போற்றினர். தாவரப் பெயரீட்டு விதிகளும் அந்நூலையே தொடக்கமாகக் கொண்டன.

தமிழிலக்கணம் கற்றார்க்கு இம்மாற்றத்தின் பொருள் எளிதில் விளங்கும். முள்ளுடைய செடிகள் பலவாயினும் ‘முள்ளி’ என்பது ஒன்றனுக்கே பெயராதலின், அதனைக் காரண இடுகுறி என்பர். ஓராண்டில் மடியும் செடிகளும் எண்ணில. ஆயினும் பெல்லிசு என்பதனோடு சேர்ந்த அன்னுவா ஓரினத்தையே சுட்டும். காரணம் பற்றிப் பிறந்த சொல், குறியாய் நின்று பயன்படுகின்றது.

ஆகவே, பெயரை மனனஞ் செய்தல் செடியை அறிதலாகாது. முன்னைத் தொடர் தாங்கிய விளக்கம் பெயரினின்றும் நீங்கிவிட்டது. அதனைத் தண்டிலும் இலையிலும் பூந்தலையிலும் தேடிக் காண்பதே மாணவர் கடன்.