பனி மூடிய எரிமலையில் ஒரு நாள்... உயிரைக் காப்பது கூட வரும் நண்பர்தான்!

மாரண்டஹள்ளியில் ரயில் ஏறி, ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள் பலர் வேலைக்குப் போகும் அதே ஊரில் சாஃப்ட்வேர் இன்ஜினீயராக இருந்தவர் சத்யரூப் சித்தாந்தா. மேற்கு வங்கத்துக்காரர். சிறுவயதில் ஆஸ்துமாவால் அவதிப்பட்டு, இன்ஹேலரும் கையுமாக இருந்தவர். 2019 ஜனவரியில் அன்டார்டிகாவின் சிட்லி எரிமலையில் ஏறியபோது, ஏழு கண்டங்களின் உயரமான சிகரங்கள், உயரமான எரிமலைகள் இரண்டையும் தொட்டு முடித்தார். அப்போது வயது 35. அவ்வளவு இளம் வயதில் அதுவரை யாரும் அதைச் செய்ததில்லை.

எரிமலையில் பனியா என்கிறீர்களா? அவர் ஏறிய ரஷ்யாவின் எல்ப்ரூஸ் (5,642 மீட்டர்), ஈரானின் தமாவந்த் இரண்டுமே பனி போர்த்திய எரிமலைகள்தான். பனிச்சறுக்குப் பலகையுடன் மலையேறுகிறவர்களுக்கும் இவை பிடித்த இடங்கள். 2026 குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பிடித்த விளையாட்டு இது.

ஏறுவது மணிக்கணக்கில், இறங்குவது நிமிடக்கணக்கில்!

விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறினால் பனி இளகி, சரியும் ஆபத்து அதிகம். பலகையின் அடியில் ரோமப் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்வார்கள். அது முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. உச்சியில் பட்டையை உரித்து, குதிகாலைப் பலகையோடு பூட்டினால், சர்ரென்று இறங்க வேண்டியதுதான்.

ஆனால், கூம்பு போன்ற எரிமலைச் சரிவில் அடையாளத்துக்கு ஒரு மரம்கூட இருக்காது. பனிமூட்டம் வந்தால் திசையே தெரியாது. தமாவந்தின் உச்சிப் பகுதியில் கந்தக வாயு வேறு கசியும்.

இருவருக்கும் ஒரே விதி

அதனால்தான் தனியாகப் போகக் கூடாது என்கிறார்கள். இருவரிடமும் சிக்னல் கருவி, மண்வாரி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி இருக்கும். கிளம்பும் முன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிப்பார். ஆபத்தான சரிவில் ஒருவர் இறங்கும்வரை இன்னொருவர் கண் எடுக்காமல் பார்ப்பார்.

பனியில் புதைந்தவருக்கு முதல் பத்து, பதினைந்து நிமிடங்கள்தான் உயிர். அடிவாரத்திலிருந்து மீட்புக்குழு வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். தோண்டி எடுக்க வேண்டியவர் பக்கத்தில் இருக்கும் நண்பர்தான். அதேபோல, ஒருவர் 'போதும், திரும்பலாம்' என்றால் மற்றவரும் திரும்ப வேண்டும். உச்சி கண்ணெதிரே இருந்தாலும் சரி!

தீர்த்தமலை ஏறினாலும், பஞ்சப்பள்ளி அணைப் பக்கம் போனாலும் இது நமக்கும் பொருந்தும். எங்கே போகிறோம் என்பதைவிட, யாரோடு போகிறோம் என்பது முக்கியம். 'வேண்டாம்டா, திரும்பிடலாம்' என்று சொல்லும் நண்பரைப் பயந்தாங்கொள்ளி என்று மட்டும் கிண்டல் செய்யாதீர்கள்!